உணர்வு குறைந்த பாதங்களுக்கு நான்கு இணைக் காலணிகள்

பாதப் பராமரிப்புப் பாடம்: நீரிழிவு உள்ள ஆண்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும்



பாதப் பரிசோதனைப் பிரிவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நாங்கள் முன்வைக்கும் முதல் வேண்டுகோள், அணிந்து வந்த காலணியைக் கழற்றி எங்களிடம் தாருங்கள் என்பதாகும். காலணியின் அடிப்பகுதி எங்கே தேய்ந்துள்ளது, உள்ளே எந்த இடம் குழிந்துள்ளது, வார் எங்கே இறுக்கியுள்ளது என்பவற்றைக் கண்டாலே பாதத்தின் எந்தப் பகுதி இன்னலுக்கு உள்ளாகிறது என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

ஆண்களிடம் நாங்கள் மிகுதியாகக் காணும் வழக்கம் ஒன்று உண்டு. வீடு, கடைத்தெரு, வயல், அலுவலகம் அனைத்திற்கும் ஒரே ரப்பர் செருப்பு. திருமணத்திற்கும் விழாவிற்கும் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய இறுக்கமான கறுப்பு ஷூ. உணர்வு சீராக உள்ளவருக்கு இவ்விரண்டும் வெறும் அசௌகரியம். நீரிழிவால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டவருக்கோ இவ்விரண்டுமே புண்ணுக்கு வழிகோலுபவை. அப்புண் சீழ் பிடித்து எலும்பை எட்டினால் விரலையோ காலையோ இழக்கும் நிலை நேரலாம். ஆகவே, காலணித் தேர்வை மருந்து உட்கொள்வதற்கு இணையான கடமையாகக் கருதுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஓர் ஆணுக்கு எத்தனை இணைக் காலணிகள் தேவை, ஒவ்வொன்றும் எவ்வாறு அமைய வேண்டும், எதை முதலில் வாங்க வேண்டும் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

1. வலி இல்லாத பாதம் ஏன் புண்படுகிறது?

காலணி கடித்தால் நாம் நடையை மாற்றுகிறோம். கல் தைத்தால் காலை எடுத்துவிடுகிறோம். வலி என்னும் காவலன் இருப்பதால்தான் இவை நிகழ்கின்றன. நெடுநாள் உயர்ந்த நிலையில் உள்ள இரத்தச் சர்க்கரை நரம்புகளைப் பழுதாக்கும்போது அக்காவலன் ஓய்ந்துவிடுகிறான்.

இவ்வுண்மையை முதன்முதலில் தெளிவாக விளக்கியவர்களுள் ஒருவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914இல் பிறந்த அவர், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு, உணர்விழந்த உறுப்பு நாள்தோறும் அடையும் சிறு காயங்களே முக்கியக் காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார். தொழுநோயில் கற்ற அப்பாடமே இன்று நீரிழிவுப் பாதப் பராமரிப்பிற்கும் அடிப்படையாக விளங்குகிறது.

உணர்வு குறைந்த பாதம் மூன்று வழிகளில் புண்படுகிறது.

முதலாவது, ஒரே கணத்தில் நேரும் காயம். ஆணி, முள், கண்ணாடித்துண்டு, சுடுகல் ஆகியவற்றால் நேர்வது இது.

இரண்டாவது, மெல்லிய அழுத்தம் நெடுநேரம் நீடிப்பது. இறுக்கமான ஷூ, சுண்டுவிரலின் பக்கவாட்டிலோ பெருவிரலின் முட்டியிலோ மணிக்கணக்கில் அழுத்தும்போது அவ்விடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் மடிகிறது. திருமண நாளன்று அணிந்த ஷூவால் மறுநாள் கறுத்த தோலுடன் வருவோர் இவ்வகையினர்.

மூன்றாவது, நடுத்தர அழுத்தம் ஆயிரக்கணக்கான முறை ஒரே இடத்தில் விழுவது. நாளொன்றுக்கு 5,000 அடிகள் நடப்பவரின் ஒவ்வொரு பாதமும் 2,500 முறை தரையில் ஊன்றுகிறது. பெருவிரலின் அடியில் உள்ள எலும்பு முனையே ஒவ்வொரு முறையும் பளுவைத் தாங்கினால், அங்குத் தோல் தடித்துக் காய்ப்பு உண்டாகிறது. காய்ப்பு கல்லைப் போல் உள்நோக்கி அழுத்த, அதன் அடியில் இரத்தம் கசிந்து புண் தோன்றுகிறது. மேலே காய்ப்பு மட்டும் தெரிவதால் நோயாளி அதனைப் பொருட்படுத்துவதில்லை.

நல்ல காலணி இம்மூன்றையும் தடுக்க வேண்டும். உறுதியான அடிப்பகுதி முதலாவதையும், போதிய அகலம் இரண்டாவதையும், மென்மையான உட்பகுதி மூன்றாவதையும் தடுக்கின்றன.

2. வாங்குவதற்கு முன் அறிய வேண்டியது

உங்கள் பாதம் எந்நிலையில் உள்ளது என்பதை அறியாமல் காலணி வாங்குவது, கண் பரிசோதனை செய்யாமல் கண்ணாடி வாங்குவதற்கு ஒப்பாகும். பரிசோதனை எளியது; வலி அற்றது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தின் சில இடங்களைத் தொடுவோம். கண்களை மூடியபடி, தொடுவதை உணர்கிறீர்களா என்று நீங்கள் கூற வேண்டும். பின்னர்ப் பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்போம்.

உணர்வும் இரத்த ஓட்டமும் சீராக உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இப்பரிசோதனைக்கு வந்தால் போதும். இரண்டில் ஒன்று குறைந்தவர்கள் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை வர வேண்டும். இரண்டும் குறைந்தவர்களும், ஒன்று குறைந்து அதனுடன் விரல்கள் வளைந்தோ எலும்பு புடைத்தோ பாத அமைப்பு மாறியவர்களும் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை வருதல் வேண்டும். இவ்வாறு உணர்வோ இரத்த ஓட்டமோ குறைந்த நிலையில் முன்னர்ப் புண் வந்தவர்களும் விரலை இழந்தவர்களும் 1 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறை வர வேண்டும்.

பாத அமைப்பு மாறியவர்களுக்கும் முன்பு புண் வந்தவர்களுக்கும் கடையில் விற்கும் காலணிகள் பெரும்பாலும் பொருந்தா. பாதத்தின் அச்செடுத்துச் செய்யப்படும் காலணியே ஏற்றது. தற்போது பாதத்தில் திறந்த புண் உள்ளவர்கள் இப்பாடத்தைப் பின்பற்றிக் காலணி வாங்குதல் கூடாது. புண் ஆறும் வரை அழுத்தத்தை நீக்கும் கட்டோ சாதனமோ அவர்களுக்குத் தேவை. அதனை மருத்துவரே முடிவு செய்வார்.

3. நான்கு இணைகள்

அ. வீட்டுக்குரிய செருப்பு

நம் இல்லங்களில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுதல் மரபு. ஆயினும், உணர்வு குறைந்த பாதத்திற்கு வீட்டுத் தரையும் முழுப் பாதுகாப்பானது அன்று. கதவு நிலை, கட்டில் கால், கீழே விழுந்த ஊசி, உடைந்த வளையல் துண்டு ஆகியவை வீட்டிற்குள்தான் உள்ளன. ஆகவே, தெருவுக்கு அணியாத தூய செருப்பு ஒன்றை வீட்டிற்கென்றே வைத்துக்கொள்ள வேண்டும். தெருச் செருப்பு வாசலிலேயே இருக்க, இச்செருப்பு மட்டும் உள்ளே புழங்குவதால் வீட்டின் தூய்மைக்கும் குறைவு நேராது.

இதற்கு எம்.சி.ஆர். செருப்பு மிகவும் ஏற்றது. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பரால் இதன் உட்பகுதி அமைந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி மீண்டும் எழும். அதன் அடியில் முள் துளைக்காத உறுதியான ரப்பர் இருத்தல் வேண்டும். தொழுநோயாளரின் பாதங்களைக் காக்கப் பயன்பட்ட இச்செருப்பு, பின்னர் நீரிழிவு நோயாளருக்கும் பரிந்துரைக்கப்படலாயிற்று. பின்புறம் வார் உள்ளதாக வாங்குங்கள். உணர்வு குறைந்தவரின் காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரிவதில்லை. நாலடி நடந்த பின்னரே அருகில் உள்ளோர் சொல்லி அறிகிறார்.

பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வார் செல்லும் செருப்பை அறவே தவிர்க்க வேண்டும். அவ்வார் உராயும் இடத்தில் தோல் கிழிவதை நோயாளி காண்பது அரிது. கால் நரம்புகளைத் தூண்டுவதாகக் கூறி விற்கப்படும் முள்முள்ளான மேற்பரப்புடைய செருப்புகளும் வேண்டா. பளுவைப் பரவலாக்க வேண்டிய இடத்தில் அவை சில புள்ளிகளில் குவிக்கின்றன.

ஆ. அன்றாடப் பணிக்கான காலணி

நாளின் பெரும்பகுதி காலில் இருப்பது இதுவே என்பதால், நான்கனுள் இதற்கே முதன்மை தருக. அலுவலகம் செல்வோருக்கு முன்பகுதி வட்டமாகவும் உயரமாகவும் உள்ள, லேஸ் அல்லது வெல்க்ரோ பட்டை உடைய, மென்தோல் ஷூ பொருந்தும். கூர்முனை ஷூக்கள் விரல்களை நெருக்குகின்றன. பட்டையே இல்லாமல் நுழைத்து அணியும் ஷூக்கள், காலில் நிற்க வேண்டுமெனின் இறுக்கமாகவே இருந்தாக வேண்டும். இரண்டும் தகா. மாலையில் கால் வீங்கினால் தளர்த்திக்கொள்ள இயலும் என்பதே லேஸ், வெல்க்ரோ ஆகியவற்றின் சிறப்பு.

ஷூ அணியும் வழக்கம் இல்லாதோர் முன்புறமும் பின்புறமும் வார் உள்ள சாண்டலை அணியலாம். ஆயின், வயல், கட்டுமானப் பணி, பட்டறை ஆகியவற்றில் உழைப்போருக்கு விரல்களை மூடும் காலணியே பாதுகாப்பு.

இருசக்கர வண்டி ஓட்டுவோர் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். கியர் நெம்புகோல் இடக்காலின் மேற்புறத்தை நாள்தோறும் அழுத்துகிறது. சூடான சைலன்சரின் மேல் கால் பட்டும் சுடுவதை உணராமல் இருந்துவிடுவோர் உளர். பேருந்து, சரக்குந்து ஓட்டுநர்களுக்கு எஞ்சினை ஒட்டிய தரையின் வெப்பமே பகையாகிறது. இவர்கள் அனைவரும் மூடிய காலணி அணிவதே நலம்.

இ. நடைப்பயிற்சிக் காலணி

நடைப்பயிற்சி நீரிழிவுக்கு நல்மருந்து. அதனைச் செருப்பில் மேற்கொள்வதே பிழை. அடிப்பகுதி தடித்த, மேற்புறம் நெகிழும் துணியாலான, எடை குறைந்த விளையாட்டு ஷூவை வாங்குங்கள். உட்புறம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். விரல்களுக்கு நேரே தடித்த தையல் இருந்தால் அதனைத் தவிர்த்துவிடுங்கள். ஷூவின் முன்பகுதி, விரல்கள் மடியும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் துணிபோல் மடங்குமாயின் அது பாதத்தைத் தாங்காது.

மழைக்காலத்தில் இந்த ஷூவே அன்றாட ஷூவிற்கு மாற்றாகவும் பயன்படும். நனைந்த காலணி முழுமையாக உலர ஒரு நாளேனும் ஆகும். ஈரக் காலணியை மறுநாளும் அணிந்தால் விரலிடுக்குகள் ஊறிப் பூஞ்சைத் தொற்று உண்டாகிறது. அவ்வெடிப்பின் வழியே கிருமிகள் உட்புகுகின்றன. ஒன்றை உலர விட்டு மற்றொன்றை அணியும் வசதிக்காகவேனும் இரண்டு இணைகள் தேவை.

ஈ. விழாவிற்குரிய காலணி

ஆண்டிற்கு நாலைந்து முறை மட்டுமே அணிவதற்கென இறுக்கமான புதுக் காலணியை வாங்குவதில்தான் பலரும் இடர்ப்படுகின்றனர். பழகாத காலணியில், மண்டபத்தில் நாள் முழுதும் நின்று, இரவில் வீடு திரும்பும்போது கொப்புளம் உண்டாகியிருக்கும்.

இதற்கு எளிய வழி உண்டு. கறுப்பு அல்லது அடர்பழுப்பு நிறத்தில், அலங்காரம் குறைந்த, மென்மையான உட்பகுதியுடைய தோல் சாண்டல் ஒன்றை, பின்வாருடன் வாங்கிக்கொள்ளுங்கள். வேட்டிக்கும் கால்சட்டைக்கும் அது ஒருங்கே பொருந்தும். விழா இல்லாத நாளிலும் வாரத்தில் சில மணி நேரம் அணிந்து பழகுங்கள். கோட்டு அணியும் நிகழ்ச்சி எனில், அன்றாட ஷூவையே மெருகேற்றி அணியலாம். அன்றாட ஷூவைக் கறுப்பு நிறத்தில் வாங்கினால் தனி ஷூவிற்கான செலவும் மிச்சமாகும்.

4. அளவு பார்க்கும் முறை

பாதம் நாள் முழுதும் சற்றே வீங்குகிறது. ஆதலால் மாலையில் கடைக்குச் செல்லுங்கள். வழக்கமாக அணியும் காலுறையை உடன் கொண்டு செல்லுங்கள். இரு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய பாதத்திற்கே அளவு பாருங்கள். அமர்ந்தபடி அன்றி, நின்று, நடந்து பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பெட்டியில் அச்சிட்டுள்ள எண்ணை மட்டும் நம்பலாகாது. பிரிட்டன் அளவு முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய முறையில் அது ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர். இவ்விரு முறைகளின் எண்கள் நேருக்கு நேர் பொருந்துவதில்லை. ஒரே எண்ணுடைய காலணியும் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும்.

மிக நீண்ட விரலுக்கும் காலணியின் உள்முனைக்கும் இடையே 1 முதல் 2 சென்டிமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். பாதத்தின் மிக அகன்ற பகுதி காலணியின் மிக அகன்ற பகுதியில் அமைய வேண்டும். விரல்கள் மேற்புறத்தில் உரசலாகாது.

உணர்வு குறைந்தவர் செய்யும் பெரும் பிழை, காலைப் பற்றியிருப்பது தெரிய வேண்டும் என்பதற்காக ஓரளவு சிறிய காலணியைத் தேர்ந்தெடுப்பது. சரியான அளவு அவருக்குத் தளர்வாகவே தோன்றும். எனவே உணர்வை நம்பாமல் கண்ணை நம்புங்கள். ஒரு வெள்ளைத் தாளின் மேல் நின்று, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையச் செய்யுங்கள். அவ்வடிவத்தை வெட்டியெடுத்துக் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். காலணியின் உள்ளே அத்தாளை வைக்கும்போது ஓரம் மடங்குமாயின், அக்காலணி உங்களுக்குக் குறுகலானது.

5. அணிதலும் பேணுதலும்

புதுக் காலணியை முதல் நாள் வீட்டிற்குள் ஒரு மணி நேரம் மட்டும் அணியுங்கள். கழற்றியபின் பாதத்தைப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறையாவிடில் அவ்விடம் அழுந்துகிறது என்று பொருள். மேலும் அணியாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். தடம் இல்லையெனில் நாள்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டலாம்.

ஒவ்வொரு முறையும் அணியும் முன் காலணியைத் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கூழாங்கல், பித்தான், வெளிப்பட்ட ஆணி ஆகியவற்றுடன் நாள் முழுதும் நடந்தவர்களை நாங்கள் கண்டுள்ளோம். கை உணர்வும் குறைந்தவராயின் வீட்டார் இதனைச் செய்தல் வேண்டும்.

காலுறை பருத்தியில், வெளிர் நிறத்தில் இருக்கட்டும். இரத்தமோ நீரோ கசிந்தால் வெளிர் நிறத்தில் உடனே தெரியும். மேல்விளிம்பு இறுக்கமாக இருத்தலாகாது. தையல் தடித்திருந்தால் உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி அணியுங்கள். நாள்தோறும் மாற்றுங்கள். காலுறையை மட்டும் அணிந்து நடப்பது வெறுங்காலுடன் நடப்பதற்குச் சமம்.

அறுந்த காலணியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, ஆணி அடிக்க வேண்டா, தையல் போடுங்கள் அல்லது ஒட்டுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எம்.சி.ஆர். உட்பகுதி அழுத்தியபின் எழாமல் தட்டையாகிவிட்டால், வெளியே புதிதுபோல் தோன்றினாலும் அதன் ஆயுள் முடிந்தது.

6. காலணி அணிய இயலாத இடங்கள்

கோயிலுக்கு வெறுங்காலுடன் செல்வது நம் பண்பாடு. அதனைக் கைவிடுமாறு நாங்கள் கூறவில்லை. கல்தளம் சுடும் நண்பகலைத் தவிர்த்து, காலையிலோ அந்தி சாய்ந்த பின்னரோ செல்லுங்கள். விரிப்பு இட்டுள்ள வழியிலேயே நடங்கள். காலுறையை அனுமதிக்கும் இடங்களில் தடித்த காலுறை அணியுங்கள். வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். பழனிப் பாதயாத்திரை பல நாள்கள் நீள்வதும் உண்டு. உணர்வு குறைந்தவர்கள் இவற்றை வெறுங்காலுடன் மேற்கொள்வது காலையே பணயம் வைப்பதாகும். வேண்டுதல் உள்ளவர்கள் முன்கூட்டியே எங்களிடம் வாருங்கள். வாகனத்தில் வலம் வருதல், சிறிது தூரம் மட்டும் காலணியுடன் நடத்தல் போன்ற வழிகளைக் கலந்து பேசலாம். தீமிதித்தல் இவர்களுக்கு எவ்வகையிலும் ஆகாது.

7. எதை முதலில் வாங்குவது?

நான்கையும் ஒரே நேரத்தில் வாங்க அனைவராலும் இயலாது என்பதை அறிவோம். கையில் உள்ள பணம் ஓர் இணைக்கு மட்டும் போதுமெனின், பின்வாருள்ள எம்.சி.ஆர். சாண்டலை வாங்கி வெளியில் அணியுங்கள். திரும்பியதும் கழுவித் துடைத்து வீட்டிற்குள்ளும் அணியலாம். அடுத்து அன்றாடப் பணிக்கான காலணி, அதன்பின் நடைப்பயிற்சி ஷூ, இறுதியாக விழாக் காலணி. விலை மிகுந்தது நல்லது என்னும் எண்ணம் வேண்டா. பொருந்தாத உயர்விலை ஷூவை விடப் பொருந்தும் எளிய சாண்டல் சிறந்தது.

8. குடும்பத்தாருக்கு

தந்தைக்கோ கணவருக்கோ அன்பளிப்பாகக் காலணி வாங்க விரும்பினால், அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரால் குனிந்து அடிப்பாதத்தைப் பார்க்க இயலாவிடில், இரவு உறங்கும் முன் நீங்கள் பாருங்கள். அதற்கு இரண்டு நிமிடங்கள் போதும். "வலியே இல்லை, விடு" என்று அவர் கூறக்கூடும். வலி இல்லாமையே நாம் அஞ்ச வேண்டியது என்பதை நினைவூட்டுங்கள். அவர் புகைப்பவராயின் அதனைக் கைவிடத் துணைநில்லுங்கள். புகையிலை பாதத்திற்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது.

பின்வருவனவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்:

• கொப்புளம், வெடிப்பு, நீர் கசிதல், துர்நாற்றம்
• காய்ப்பின் அடியில் கருமை அல்லது செம்மை
• விரல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறுதல்
• ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருத்தல். வலி இல்லாவிடினும் எலும்புகள் நொறுங்கத் தொடங்கியதன் அறிகுறியாக இது இருக்கலாம். வந்து சேரும் வரை அக்காலை ஊன்ற விடாதீர்கள்.

காய்ப்பையும் கால் ஆணியையும் பிளேடால் சீவுதலும், கடையில் விற்கும் மருந்துப் பட்டையை ஒட்டுதலும் கூடா.

9. கற்றதைச் சோதித்தறிக

வினா 1: காலணி வாங்க ஏற்ற நேரம் எது?
விடை: மாலை. பாதம் வீங்கியுள்ள நேரத்தில் பொருந்துவதே நாள் முழுதும் பொருந்தும்.

வினா 2: காலுறை ஏன் வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும்?
விடை: இரத்தமோ நீரோ கசிவது உடனே கண்ணுக்குத் தெரிவதற்காக.

வினா 3: சரியான அளவுள்ள காலணி தளர்வாகத் தோன்றுவது ஏன்?
விடை: நரம்பு பாதிப்பால் தொடு உணர்வு குறைந்திருப்பதால்.

வினா 4: ஓர் இணை மட்டுமே வாங்க இயலுமெனின் எது?
விடை: பின்வாருள்ள எம்.சி.ஆர். சாண்டல்.

அடுத்த முறை எங்கள் பிரிவுக்கு வரும்போது, காலில் அணிந்துள்ளதை மட்டுமன்றி, வீட்டில் உள்ள எல்லாக் காலணிகளையும் ஒரு பையில் எடுத்து வாருங்கள். எதை வைத்துக்கொள்வது, எதைச் சீர்செய்வது, எதை விலக்குவது என்பதை உங்களுடன் அமர்ந்து பார்த்துச் சொல்கிறோம்.